சம்பா கோதுமையை விட்டுட்டா புது ரகத்துக்கு எங்க போவோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வந்த கோதுமை கட்டுரைய படிச்சேன். இப்ப கடைல வாங்குற கோதுமைல சத்தே கிடையாது, பசுமைப் புரட்சி ரகத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு பழசுக்கே திரும்பணும்னு எழுதியிருந்தாங்க. அதுல பாதி எனக்கும் சம்மதம்தான், மீதி பாதி மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் எழுதுறேன். நான் குன்னூர்காரி, எங்க ஊர் பக்கத்துல இருக்கிற வெலிங்டன்ல கோதுமை ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு 1954ல இருந்து இருக்கு, அந்த வயல் ஓரமாத்தான் பல வருஷம் வேலைக்கு நடந்து போய்ட்டு வந்தேன்.

சத்து குறைஞ்சது நிஜம். இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட்னு ஒரு இடத்துல 1843ல இருந்து ஒரே வயல்ல கோதுமை போட்டு, விளைஞ்ச தானியத்துலயும் மண்ணுலயும் சாம்பிள் எடுத்து பத்திரமா வச்சிட்டு வர்றாங்க. அதை சோதிச்சா 1960கள் நடுவுல வரைக்கும் ஜிங்க், இரும்பு எல்லாம் பெருசா மாறல, பசுமைப் புரட்சியோட குட்டை ரகம் வந்ததுக்கப்புறம்தான் இறங்குது. மண்ணுல சத்து குறையல, தானியத்துலதான் குறைஞ்சிருக்கு. விளைச்சல் கூடக்கூட அதே சத்து நிறைய தானிய மணிக்கு பங்கு போயிடுதுன்னு சொல்றாங்க.

ஆனா அந்த குட்டை ரகத்த திட்டுறதுக்கு எனக்கு மனசு வரல. கும்பகோணத்துல பொறந்த எம்.எஸ்.சுவாமிநாதனும் அப்ப விவசாய மந்திரியா இருந்த சி.சுப்பிரமணியமும் நின்னு, 1966ல மெக்சிகோல இருந்து 18,000 டன் விதை இறக்குனாங்க, அதுக்கு முன்னாடி அமெரிக்கா கப்பல்ல கோதுமை வந்தாதான் இங்க சாப்பாடுன்னு இருந்த காலத்த எங்க அம்மா சொல்லி சொல்லி கேட்டிருக்கேன். இன்னொண்ணு, அந்த குட்டை குணமே எங்கிருந்து வந்துச்சு? ஜப்பான்ல தருமான்னு ஒரு நாட்டு ரகம், அதுல இருந்து நோரின் 10னு ஒரு குட்டை ரகம், அதுல இருந்துதான் அமெரிக்க விஞ்ஞானி போர்லாக் மெக்சிகோல போட்ட ரகமெல்லாம். புதுசுன்னு நாம சொல்றதே ஒரு பழைய ரகத்தோட பேரன்தாங்க. அப்ப பழசா புதுசான்னு சண்டை போட்டா எப்படி?

சத்து விஷயமும் அப்படித்தான். 1906ல பாலஸ்தீனத்துல ஆரோன்சன்னு ஒருத்தர் பாறை இடுக்குல தானா முளைச்சு நின்ன காட்டு கோதுமைய கண்டுபிடிச்சார். சரியா நூறு வருஷம் கழிச்சு, 2006ல, அந்த காட்டு கோதுமைல இருந்து ஒரு ஜீன பிரிச்சு எடுத்தாங்க. அது என்ன பண்ணுதுன்னா இலைய கொஞ்சம் சீக்கிரம் பழுக்க வச்சு, அதுல இருக்கிற புரோட்டீன், ஜிங்க், இரும்ப மணிக்கு இறக்கி விட்டுடுது. நாம சாப்பிடுற பெரும்பாலான கோதுமைல அந்த ஜீன் ஒண்ணு இல்லாமலே போயிருக்கு, இல்லைன்னா வேலை செய்யாம கிடக்கு. காட்டுல நின்ன செடிய அன்னிக்கு யாரும் கண்டுக்காம விட்டிருந்தா?

அதே மாதிரி 1920, 30கள்ல கேம்பிரிட்ஜ்ல வாட்கின்ஸ்னு ஒருத்தர் 32 நாட்டுல இருந்து நாட்டு ரகம் சேர்த்தார், அதுல 827 ரகம் இன்னிக்கும் இங்கிலாந்துல நாரிச்ங்கற ஊர்ல உயிரோட இருக்கு. 2024ல அத்தனையோட ஜீனையும் படிச்சு பாத்தப்ப, அதுல இருக்கிற ஜீன் வகையில ஏறக்குறைய 60 சதவீதம் இப்போதைய கோதுமைல இல்லவே இல்லைன்னு தெரிஞ்சுது. விளைச்சலுக்கு, சத்துக்கு, நோய் தாங்குறதுக்குன்னு நமக்கு வேண்டியது எவ்வளவோ அதுக்குள்ள கிடக்கு.

நோய்னு சொன்னதும் எங்க ஊரு ஞாபகம் வருது. ஆகஸ்ட், செப்டம்பர்ல வெலிங்டன் வயல்ல துரு நோய்ங்கற பூஞ்சை நோய் புடிச்ச இலைய ஒருதரம் விரலால தேச்சு பாத்தேன், செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சா ஒட்டிக்கிச்சு, கைக்குட்டைல துடைச்சா கறை போகல. வடக்க வெயில் காலத்துல இந்த பூஞ்சை செத்துடும், ஆனா நீலகிரிலயும் பழனி மலைலயும் இருக்கிற குளிர்ச்சியால தப்பிச்சு இருந்து, காத்துல பறந்து நடு இந்தியா வரைக்கும் போகும். அதனாலதான் நாட்டோட கோதுமை ரகத்தையெல்லாம் இங்க கொண்டு வந்து போட்டு தாங்குதான்னு பாக்கறாங்க. ஒரே ரகத்த நம்பினா என்ன ஆகும்ங்கறத பஞ்சாப்காரங்கள கேக்கணும், பிபிடபிள்யூ 343ங்கற ஒரே ரகம் லட்சக்கணக்கான ஏக்கர்ல நின்னுச்சு, மஞ்சள் துரு வந்து அதை தாக்குனதும் கைவிட வேண்டியதா போச்சு.

இப்ப நம்ம பழைய நாட்டு ரகமான சம்பா கோதுமைக்கு வரேன். மணி நீளமா செவப்பா இருக்கும், அடிச்சாலும் நெல்லு மாதிரி உமி விடாது, குத்தித்தான் எடுக்கணும். ரவைல உப்புமா கிண்டினா குழையாம பொலபொலன்னு நிக்கும். துரு நோய நல்லா தாங்கும். செடி உசரமா வளந்து சாஞ்சுடும்ங்கறதுதான் குறை, அதுக்கும் வெலிங்டன்லயே எச்டபிள்யூ 1098னு குட்டை சம்பா கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா போடறதுக்கு ஆள்தான் இல்ல. பக்கத்து ஹட்டில, அதான் படுகர் கிராமத்துல, ஒரு பாட்டி, அவங்க சின்ன வயசுல வீட்டுக்கு வீடு கோதுமை இருந்துச்சு, தேயிலை வந்ததும் எல்லாம் போச்சுன்னாங்க. குத்தறதுக்கு மில் கிடையாது, விலை நிச்சயம் கிடையாது, அப்புறம் யாரு போடுவா?

விதை வங்கில குளிர் பெட்டில விதைய வச்சா போதும்னு நினைக்கறது எனக்கு சரியா படல. பெட்டிக்குள்ள இருக்கிற விதை புதுசா வர்ற நோயையும் வெயிலையும் பாக்கறதில்ல, வயல்ல வருஷா வருஷம் நிக்கற ரகம்தான் அதோட மல்லுகட்டி மாறிக்கிட்டே வரும். அதனால என் கோரிக்கை இதுதான்: ஆஸ்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாங்குற ரவைல கொஞ்சமாவது சம்பா ரவையா, விலை முன்னாடியே சொல்லி, அரசாங்கம் எடுத்துக்கணும், மலைல ஒரு உமி நீக்குற மெஷினாவது வைக்கணும். உங்க நிருபர் ஒருத்தர ஆகஸ்ட் மாசம் வெலிங்டனுக்கு அனுப்பி வைங்க, வயல நேர்ல பாத்துட்டு ஒரு முழு பக்கம் எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
குன்னூர்