பள்ளி வாசலில் 30: பாலக்காடு, கோவை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாக எங்கள் பிள்ளைகள் தினமும் எல்லை தாண்டிப் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கேட்பது ஒன்றுதான். எல்லையோரப் பள்ளி, கல்லூரி வாசல்களில் வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாதபடி சாலையை மாற்றிக் கொடுங்கள். பலகை நட்டால் மட்டும் போதாது. நடந்து சாலையைக் கடக்கும் இடம் மேடாக வேண்டும், வேகத்தடை வேண்டும், ஓரத்தில் நடக்க இடம் வேண்டும்.

சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில்தான் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் கேரளாவுக்குள் வருகின்றன. வெள்ளைக் கோடு தேய்ந்துபோன இடத்தில் சைக்கிளைப் பிடித்தபடி பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒரு லாரி போனதும் ஓடிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தால், அதன் மறைவிலிருந்து ஒரு பைக் முந்திக்கொண்டு வருகிறது. பெற்ற வயிறு பதறாமல் என்ன செய்யும்?

உலகம் முழுக்க 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 அறிக்கையில் சொல்கிறது. 2030-க்குள் சாலைச் சாவுகளையும் காயங்களையும் பாதியாகக் குறைப்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. ஆட்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2020 ஸ்டாக்ஹோம் மாநாட்டுப் பிரகடனமும் வலியுறுத்தியது. காரணம் எளிது. 50-இல் வரும் கார் நடந்து போகிறவரை மோதுவதைவிட, 65-இல் வரும் கார் மோதினால் சாகும் அபாயம் நாலரை மடங்கு.

ஜனவரியில் பிள்ளைகளைச் சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளை அவசரப்படும், கவனம் சிதறும். அதற்கு உயிரை விலையாகக் கேட்காத சாலை வேண்டும்.

பெற்றோர் பங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டும், வாரைப் பூட்டாமலும் போகிற பிள்ளைகளை வீட்டு வாசலிலேயே நிறுத்த வேண்டியவர்கள் நாங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. அப்புறம் ஏன் சாவியைக் கொடுக்கிறோம்? டியூஷன் முடிந்து வரும் நேரத்துக்குப் பஸ் இல்லாத ஊர்கள் இங்கே இருக்கின்றன. ஆறு மணிக்குமேல் எல்லைவரை இரு பக்கமும் ஒரு பஸ் ஓடினால் பல வீடுகளில் ஸ்கூட்டர் தானாக நின்றுவிடும்.

எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துறை, அந்தப் பக்கம் இன்னொரு துறை. பிள்ளைக்கோ சாலை ஒன்றுதான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இரு குழுக்களும் சேர்ந்து ஒரு சாயங்காலம் வந்து நின்று பாருங்கள். எந்த வாசலில் முதலில் வேலை தொடங்க வேண்டும் என்று கூடவே நின்று காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலிருந்து ஒரு தாய்