கண்ணைக் கேமரா என்று இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் கண்ணைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படம் நன்றாக இருந்தது, நடையும் எளிமை. ஆனால் கண் ஒரு கேமரா, விழித்திரை அதன் ஃபிலிம், மூளை அந்தப் படத்தைப் பார்க்கிறது என்று முடித்திருந்தீர்கள், அங்கேதான் உறுத்தியது. எங்கள் காலத்துப் பாடப் புத்தகத்திலும் இதுவேதான். ஃபிலிம் கேமராவே வழக்கொழிந்துவிட்டது, உவமை மட்டும் அசையாமல் நிற்கிறது.

லென்ஸ் வழியாகத் தலைகீழ்ப் படம் விழுகிறது என்பது வரை அது சரி. அதற்கு மேல் பிள்ளைகளுக்கு அது உதவாது. கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நொடிக்கு மூன்று தடவை இங்கும் அங்கும் வெடுக்கென்று திருப்பினால் அந்த வீடியோவை யார் பார்ப்பார்கள்? நம் கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் அதைத்தான் செய்கிறது. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கிற இடம் ரொம்பச் சின்னது, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான், அதனால் இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் கண் தாவித் தாவித்தான் போகிறது. பக்கம் மட்டும் ஆடாமல் அப்படியே இருக்கிறதே, எப்படி?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில் இமையின் மேல் விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், அறையே ஆடும். 19 ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கண் தசை திருப்பினாலும் விரல் தள்ளினாலும் விழித்திரையில் படம் நகரத்தான் செய்கிறது, ஆனால் ஒன்றில் உலகம் நிற்கிறது, இன்னொன்றில் ஆடுகிறது. காரணம், கண் தசைக்கு உத்தரவு போகும்போதே அந்த உத்தரவின் நகல் ஒன்று பார்வையைக் கவனிக்கும் பகுதிகளுக்கும் போய்விடுகிறது. படம் இப்போது இந்தப் பக்கம் நகரும், அது நம்முடைய வேலைதான் என்று அவற்றுக்கு முன்பே தெரியும். விரலை அசைப்பதும் மூளைதானே என்று எந்தப் பையனாவது கேட்டால் அவனுக்கு ஒரு சபாஷ். விரலுக்குப் போகும் உத்தரவை வைத்து விழித்திரைப் படத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு மூளையில் இல்லை, கண் தசைக்குப் போகும் உத்தரவுக்கு இருக்கிறது.

1950 இல் இந்த நகல் உத்தரவு பற்றி இரண்டு இடங்களில் தனித்தனியாக எழுதினார்கள். ஜெர்மனியில் ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டேட்டும் ஓர் ஈயின் தலையை அரைச் சுற்று திருப்பி அப்படியே ஒட்டிவிட்டார்கள், அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரி மீனின் கண்ணைத் திருப்பி வைத்தார். ஈயும் சரி, மீனும் சரி, நிற்காமல் வட்டமடித்தன. எதிர்பார்த்த நகர்வு ஒரு பக்கம், வந்த நகர்வு மறுபக்கம் என்றால் பாவம் அவை என்ன செய்யும்.

எனக்கு இதைவிட வியப்பு குரங்கில் நடந்த ஆய்வுதான். அமெரிக்காவின் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தில் துஹாமெல், கோல்பி, கோல்ட்பெர்க் மூவரும் 1992 இல் வெளியிட்டது. குரங்கின் மூளைப் பக்கவாட்டில் உள்ள ஒரு பகுதியில் ஒவ்வொரு நரம்பணுவும் பார்வையில் தனக்கென்று ஓர் இடத்தை வைத்திருக்கும், அங்கே வெளிச்சம் வந்தால் துடிக்கும், மற்ற இடத்தில் வந்தால் கண்டுகொள்ளாது. குரங்கு கண்ணை வேறு பக்கம் தாவவிடப் போகிறது, ஆனால் இன்னும் கண் அசையவில்லை, அந்த நேரத்திலேயே பல அணுக்கள் தாவல் முடிந்த பிறகு தங்கள் இடம் எங்கே இருக்குமோ அங்குள்ள வெளிச்சத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டன! கண் போய்ச் சேரும் முன்பே மூளை அங்கே காத்திருக்கிறது. பிறகு அதே நிறுவனத்தில் சோமரும் வுர்ட்ஸும் நகல் உத்தரவு போகும் வழியையே கண்டுபிடித்தார்கள். நடுமூளையிலிருந்து, மூளையின் நடுவே இடைநிலையம்போல் இருக்கும் தலாமஸ் வழியாக, பெருமூளையின் முன்பகுதிக்குப் போகிறது. 2006 இல் தலாமஸில் அந்த இடத்தை மருந்து செலுத்திச் சற்று நேரம் செயலிழக்கச் செய்தபோது பெருமூளை முன்பகுதியின் இந்த முன்னேற்பாடு வெகுவாகக் குறைந்தது.

ஏன் குரங்கு, எலி போதாதா என்று கேட்பார்கள். எலியின் விழித்திரையில் நமக்கு இருப்பதுபோல் கூர்மையான நடுக்குழி கிடையாது, குரங்குக்கு உண்டு, அதன் கண் நம்மைப் போலவே தாவும். இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் ரீசஸ் குரங்கைத்தான் வைத்துச் செய்கிறார்கள், அது நம் நாட்டுக் குரங்கு. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்து 1978 இல்தான் இந்தியா நிறுத்தியது. நிறுத்தியது நல்லது என்பதே என் கருத்து, ஆனால் அந்தக் குரங்குகளிடமிருந்து தெரிந்துகொண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதில் என்ன நியாயம்?

அப்புறம் கணினி விஞ்ஞானி ராஜேஷ் ராவ். 2009 இல் ஐராவதம் மகாதேவன் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து சிந்து எழுத்துகள் பற்றி சயின்ஸ் இதழில் எழுதினாரே, அவர்தான். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1999 இல், டானா பாலார்டுடன் சேர்ந்து பார்வைக்கு ஒரு கணினி மாதிரி செய்தார். அதில் மேலே உள்ள பகுதி கீழே உள்ளதற்கு இதுதான் வரப்போகிறது என்று தன் ஊகத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், கீழே உள்ளது ஊகத்தில் அடங்காத மிச்சத்தை மட்டும் மேலே அனுப்பும். குரங்கு மூளையில் முப்பதுக்கும் மேற்பட்ட பார்வைப் பகுதிகள் உண்டு, அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகளில் பெரும்பாலானவை இரு வழிப் பாதை, மேலிருந்து கீழே இத்தனை நரம்பு எதற்கு என்ற கேள்விக்கு இது ஒரு நல்ல பதில். மூளை உண்மையிலேயே இப்படித்தான் கணக்குப் போடுகிறதா என்று இன்னும் சண்டை ஓயவில்லை, பார்ப்பதெல்லாம் கற்பனை என்று யூடியூபில் அளப்பவர்களை நம்ப வேண்டியதும் இல்லை. ஊகம் தப்பானால் திருத்துவதற்குத்தானே கண் இருக்கிறது.

இதெல்லாம் எட்டாம் வகுப்புக்கு ஏறுமா என்பீர்கள். கிரிக்கெட்டை வைத்துச் சொல்லுங்கள், ஏறும். 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரிடம் வர அரை நொடிகூட ஆகாது. லேண்ட், மெக்லியாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000 இல் மட்டையாளர்களின் தலையில் கண் அசைவைப் பதியும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். பந்து கிளம்பியதும் ஒரு கணம் பார்க்கிறார்கள், பிறகு பந்தை விட்டுவிட்டு அது எங்கே குத்தும் என்று நினைக்கிறார்களோ அங்கே கண்ணைக் கொண்டுபோய் வைத்துக் காத்திருக்கிறார்கள். நன்றாக ஆடுகிறவர் சீக்கிரமாகவே தாவிவிடுகிறார். பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே என்று கத்தும் பயிற்சியாளர்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

ஒரு வேண்டுகோள். அடுத்த மாணவர் பக்கத்தில் விரல் சோதனையைப் போடாதீர்கள், பிள்ளைகள் கண்ணை அழுத்திவிடுவார்கள். கண்ணாடிச் சோதனையைப் போடுங்கள். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மாறி மாறி. உங்கள் கண் அசைவது உங்களுக்கு ஒருபோதும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் தங்கைக்குத் தெரியும். ஏன் என்று பிள்ளைகளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். விடையை மட்டும் அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்