உறுமலும் சீறலும்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். நியூ ஜெர்சியில் 1965ஆம் ஆண்டு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், கிட்டாரை மாட்டுவதற்கு முன்பே அது உறுமிச் சீறுவதாகவும் எழுதியிருந்தாய். கிட்டார் ஆம்ப்ளிஃபையரை நான் தொட்டதில்லை; ஆனால் முப்பது ஆண்டுகள் வால்வு (கண்ணாடிக் குழல்) ரேடியோ பழுதுபார்த்தவனுக்கு அதன் வயிறு புதிதல்ல.

எதையும் மாற்றுவதற்கு முன் காது கொடுத்துக் கேள். நமக்கு இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், உங்களுக்கு 60. அதை நேர் மின்சாரமாக மாற்றும் ரெக்டிஃபையரைத் தாண்டியதும் அந்த உறுமல் இரட்டித்து 120 ஆகிவிடும். வால்யூமை முழுதும் குறைத்த பின்னும் அது கரகரத்துக்கொண்டே நின்றால், அந்த மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டன்சர்கள் உள்ளே உலர்ந்து போயிருக்கக்கூடும். (உன் அம்மா அடுப்படியில் இருந்தபடியே "கண்டன்சர் போச்சு" என்பாள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.) ஆனால் ஸ்பீக்கரை இயக்கும் கடைசிக் கட்டத்து 6வி6 வால்வுகள் இரண்டும் சமமாக மின்னோட்டம் இழுக்காவிட்டாலும் இதே ஒலிதான் வரும் என்பதால், முதலில் நல்ல ஜோடி ஒன்றைப் போட்டுப் பார். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கும் இரைச்சல் வால்யூம் குமிழுக்கு முந்தைய கட்டங்களில் பிறப்பது. ஒவ்வொரு முறையும் அணைத்து, ஆறவிட்டு, முன்பக்க வால்வுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதை எடுத்ததும் ஒலி அடங்குகிறதோ அந்தக் கட்டத்தைப் பிடித்துவிடலாம்.

சீறல் வேறு சங்கதி. முதல் வால்வின் பிளேட்டுக்கு (அதன் உள்ளிருக்கும் உலோகத் தகட்டுக்கு) மின்சாரம் கொண்டுபோகும் 100 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டன்ஸ் வயதானால் சீறும். அதை மட்டும் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டன்ஸாக மாற்று, மற்றவற்றை விட்டுவிடு. கொஞ்சம் சீறல் வால்வின் இயல்பு.

இரண்டு பின் பிளக் இன்னும் இருந்தால், அதையும் மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு (உலோகக் கூட்டுக்கு) போகும் சிறு கண்டன்சரையும் நீக்கி, எர்த் உள்ள மூன்று பின் ஒயர் போடுவதே, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முந்திய முதல் வேலை. அதைத் தெரிந்தவர் கையில் கொடு. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும். மீட்டரில் பார்க்காமல் கையை வைக்காதே.

வால்யூமைக் குறைத்ததும் உறுமல் குறைகிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா