பாசி என்று மிதிக்காதீர்கள்: மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து இமயமலைக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அக்னி நட்சத்திரம் தொடங்குமுன்பே உங்கள் வாட்ஸ்அப் அழைப்புகள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. பெசன்ட் நகர் கடற்கரையில் நடை, பரங்கிமலைப் படிகளில் முதுகுப்பையோடு ஏற்றம், எந்த ஷூ வாங்குவது, உயரத்தில் தலை சுற்றினால் என்ன செய்வது என்று எல்லாம் பொறுப்பாகச் சொல்லித் தருகிறீர்கள். காலுக்குக் கீழே இருக்கும் செடியைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே, கல்லும் சரளையுமான இடத்தில், தரையோடு ஒட்டிய பச்சைத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பாசி அல்ல, பூச்செடி. எண்ணற்ற குட்டைக் கிளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இப்படித் திட்டாக லடாக்கில் வளரும் தைலகோஸ்பெர்மம் என்ற செடி, இட்லிபோல் உப்பியிருந்தாலும் தொட்டால் கல். ‘உட்கார வாகாக இருக்கிறதே’ என்று தோன்றும், அங்கேதான் வினை. எவரெஸ்ட் பக்கம் இன்னொரு திட்டுச் செடியான அரினேரியா பிரையோஃபில்லா 6,180 மீட்டர் உயரத்தில் பதிவாகியிருக்கிறது. இரண்டுமே கோயம்பேட்டில் பூங்கொத்துக்கு வாங்கும் கார்னேஷனின் குடும்பம். பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

இதே குடும்பத்தில் நிறைய ஆராயப்பட்ட செடி சைலீன் அக்காலிஸ். அது இமயத்துக்காரன் இல்லை. ஆல்ப்ஸ், ராக்கி மலைகள், ஆர்க்டிக் பகுதிகளில் இளஞ்சிவப்பாகப் பூப்பது. முதல் பூவுக்கே பத்தாண்டு வாக்கில் ஆகிவிடும். அலாஸ்காவில் ஆராய்ந்தவர்கள், மூத்த செடிகளுக்கு 300 வயதுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். நம் ரிப்பன் மாளிகை திறந்ததே 1913இல்தான்! இத்தனைக்கும் ஆதாரம் ஆழமாக இறங்கும் ஒரே ஆணிவேர். குவிந்த வடிவம் காற்றைத் தடுத்து வெயிலின் சூட்டைப் பிடித்துவைப்பதால், வெயில் நேரத்தில் திட்டு வெளிக்காற்றைவிடக் கதகதப்பாக இருக்கும். உதிர்ந்த இலைகள் அங்கேயே மக்கி அதற்கே மண்ணாகின்றன. வேறு செடிகளின் விதைகளும் அந்தத் திட்டில் ஒதுங்கி முளைக்கும். வெயில் படும் தெற்குப் பக்கத்தில் முதலில் பூப்பதால் சைலீனுக்குத் திசைகாட்டிச் செடி என்றும் பெயர் உண்டு.

குடும்பம் ஒன்று, வாழும் முறையும் ஒன்று. எனவே கூடார ஆணியோ பூட்ஸ் குதிகாலோ திட்டைப் பிளந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. குளிர்க்காற்று உள்ளே புகும், கிளைகள் காயும். மீண்டும் மூட நம் ஆயுள் போதாது.

இன்னொரு வேண்டுகோள். மாடித்தோட்டக்காரர்கள் சிலர் இந்தத் திட்டைப் பெயர்த்து டிபன் பாக்ஸில் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். ஏசி அறையில் வைத்தால் பிழைக்குமா என்று கேட்டவரும் உண்டு. பிழைக்காது. தோண்டும்போதே ஆணிவேர் அறுந்துவிடும். மிச்சத்தைச் சென்னையின் இரவுப் புழுக்கம் பார்த்துக்கொள்ளும். தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து அனுமதியில்லாமல் செடி எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு 1982 முதல் தேசியப் பூங்கா என்பதை உங்கள் விளம்பரப் படத்திலேயே போடலாம்.

உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இல் அங்குள்ள மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்ததும் உங்களுக்குத் தெரியும். அதனால் பாதை மாறிப்போனது பற்றி உங்களில் பலர் புலம்பக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. இருக்கும் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்லுங்கள், செல்ஃபிக்காக விலகுபவரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். அனுமதி உள்ள இடத்திலும், ஏற்கெனவே வெறுமையான தரையில் மட்டும் கூடாரம் அடியுங்கள். புறப்படுமுன் நடக்கும் கூட்டத்தில் இந்தச் செடியின் படத்தை ஒரு நிமிடம் காட்டுங்கள். அடுத்த குழுவுக்கான குறிப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டால் நல்லது. வாசகம் எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு தாவரவியல் ஆர்வலர்