ஒருவர் அளக்க, மூவர் எழுதும் ஆய்வகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் மூன்று நான்கு மாணவர்களை ஒரு குழுவாக நிறுத்துகிறோம். பெரும்பாலும் ஒருவர் பியூரெட் என்ற, அளவுக் கோடுகள் உள்ள கண்ணாடிக் குழாயைத் திறக்கிறார், மற்றவர்கள் அவர் சொல்லும் அளவை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கருவிப் பற்றாக்குறைக்கு இது ஒரு வழியாக இருக்கலாம். குழுவாகக் கற்பது ஆகாது.

பெர்மாங்கனேட் – ஆக்சாலிக் அமில டைட்ரேஷனைப் பாருங்கள். ஒரு கரைசலைச் சிறிது சிறிதாக இன்னொன்றில் விட்டு, வினை முடிய எவ்வளவு தேவை என்று அளப்பதுதான் டைட்ரேஷன். 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துடன் அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, இளஞ்சிவப்பு 30 விநாடி நிலைக்கும்வரை பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டை விட்டு டைட்ரேட் செய்கிறோம். பியூரெட் ஒன்றுதான் இருந்தாலும், ஒரே கரைசலை மூவரும் முறைவைத்துத் தனித்தனியே செய்யட்டும். மூவரும் முடிக்கும்வரை யாரும் தன் அளவை மற்றவரிடம் சொல்லக் கூடாது. பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

0.1 மி.லி.க்குமேல் வித்தியாசம் வந்தால் உடனே திரும்பச் செய்ய விடாதீர்கள். காரணத்தை அவர்களே தேடட்டும், பாடம் அங்கேதான் இருக்கிறது. ஆக்சாலிக் அமிலத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு அதே அமிலத்தால் அலசாதவருக்கு, செலவாகும் பெர்மாங்கனேட்டின் அளவு குறையும். டைட்ரேஷன் நடக்கும் கூம்புக் குடுவையை ஆக்சாலிக் அமிலத்தால் அலசியவருக்குக் கூடும். பியூரெட்டில் இருப்பது அடர்நிறக் கரைசல் என்பதால், வளைந்து நிற்கும் அதன் மட்டத்தின் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் மேல் விளிம்பையும் முடிவில் கீழ் வளைவையும் பார்த்தவரின் கணக்கு தவறும். இரண்டு முறையும் ஒரே இடத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பிழை கழித்தலில் போய்விடும். இதை விரிவுரையில் சொன்னால் மறந்துவிடுவார்கள், தங்களுக்குள் வாதாடிக் கண்டுபிடித்தால் மறக்க மாட்டார்கள்.

குடுவையில் பழுப்பு நிறம் தெரிந்தால் அமிலம் போதவில்லை, அல்லது பெர்மாங்கனேட்டை வேகமாக விட்டிருக்கிறார்கள் என்று பொருள். மாங்கனீசு டைஆக்சைடு என்ற பழுப்புப் பொருள் உண்டாகிவிட்டது. முதல் சில துளிகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும். வினையில் பெர்மாங்கனேட்டிலிருந்து மாங்கனஸ் அயனி (Mn²⁺) உருவானபின் அதுவே வினையூக்கியாகி வேகத்தைக் கூட்டும். இது தெரியாத மாணவர் முதல் துளியிலேயே முடிவுநிலை வந்துவிட்டதாக நினைக்கிறார்.

மதிப்பெண் முறை மாறாமல் இது எதுவும் நடக்காது. சரியான விடைக்கு எவ்வளவு நெருங்கினார் என்பதற்கு மட்டும் மதிப்பெண் போட்டால், மாணவர்கள் மூன்று அளவையும் ஒன்றாக்கி எழுதிவிடுவார்கள். மாறுபட்ட அளவை மறைக்காமல் எழுதிக் காரணம் சொன்னால் அதற்கும் மதிப்பெண் வேண்டும். வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரிடமும், தன் குழுவிலுள்ள இன்னொருவரின் அளவு ஏன் அப்படி வந்தது என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் இவ்விரண்டையும் செய்முறைத் தேர்வு விதிகளில் சேர்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை