எங்கள் ஈக்கோவை டயாலிசிஸ் வண்டியாக்கிய எல்லோருக்கும்

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாருதி ஈக்கோ வேனை டயாலிசிஸ் நோயாளிகளைக் கூட்டிப்போய்வரக் கொடுத்துவிட்ட சேதி ஊருக்குத் தெரிந்ததிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது, "நல்ல காரியம் செஞ்சப்பா" என்று பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள், மனசு நிறைந்துபோகிறது. ஆனால் லடாக்கில் பட்டாள வேலையில் இருந்துகொண்டு நான் செய்தது காகிதங்களில் கையெழுத்துப் போட்டதும் ஓ.டி.பி. நம்பரைப் படித்துச் சொன்னதும்தான். அலைந்தது, தூக்கிச் சுமந்தது, கைக்காசு போட்டது எல்லாம் ஊரில் இருக்கிறவர்கள். அவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மடல்.

அப்பா கடைசிவரை டயாலிசிஸுக்குப் போய்வந்தது அந்த வண்டியில்தான். டயாலிசிஸ் என்றால் என்னவென்று வீட்டில் ஒருவருக்கு வந்தால்தான் தெரியும். வாரம் இரண்டு, மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல மெஷினோடு படுத்திருக்க வேண்டும், முடிந்து எழுந்தால் பிரஷர் இறங்கி கண்ணைக் கட்டும், கால் தள்ளாடும். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புவார்கள், அந்தக் கையை யாராவது இடித்துவிட்டால் ரத்தம் கசிய ஆரம்பித்துவிடும். அந்தக் கையோடு ராமேஸ்வரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருகிறவர்களை அப்பா பார்த்திருக்கிறார், ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால் விடமாட்டார், வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வழியில் அவரவர் ஊரில் இறக்கிவிடுவார். காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கலாம், ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வாரம் மூன்று நாள் ஆட்டோவோ காரோ பிடித்துப் போய்வர, வலை இழுத்துப் பிழைக்கிற வீட்டில் யாரால் முடியும்? 108 அவசரத்துக்கு வருகிற வண்டி, இந்தப் போக்குவரத்துக்கு அதை எதிர்பார்க்க முடியாது.

அப்பா போனபிறகு வண்டி பூவரச மரத்தடியில் அப்படியே நின்றது. நம் பக்கத்து உப்புக்காற்றில் ஓடாத வண்டி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விற்றுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், விலையும் கேட்டார்கள். அம்மாதான், "அந்த ஆளு யாரையெல்லாம் ஏத்திக்கிட்டு வந்தாரோ அவங்களுக்கே ஓடட்டும்ப்பா" என்று போனில் சொன்னார். அம்மா, முதல் நன்றி உங்களுக்கு.

ராமநாதபுரத்தில் சின்ன அளவில் நோயாளிகளுக்கு உதவி செய்யும் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அதை நடத்தும் ஐயாவுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன், அதற்குக் காரணம் அவர் வண்டியை உடனே வாங்கிக்கொள்ளாததுதான். "தம்பி, நீங்க எல்லையில நிக்கிறீங்க, உங்க பேர்ல இருக்கிற வண்டியை நாங்க ஓட்ட மாட்டோம், பேரை மாத்திட்டுத்தான் சாவியைத் தொடுவோம்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது அவசரம், நோயாளிகள் காத்திருக்கிறார்களே என்று. அவர் பொறுமையாக விளக்கினார்: ஆர்.சி. என்கிற வண்டிப் பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்டஈடு என்று வந்தால் அவர் தலையில்தான் விழும், 2018ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று. தானமாக வருவதை வேண்டாம் நில்லுங்கள் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? கொடுக்கிறவனுக்கும் நாளைக்கு ஒரு கஷ்டம் வரக்கூடாது என்று நினைத்தார் பாருங்கள், அந்த நினைப்புக்கு என் வணக்கம்.

சரி, பெயர் மாற்றப் போனால் வேலை நீண்டது. லோன் எப்போதோ கட்டி முடித்தாயிற்று, ஆனால் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு, அப்படியே இருந்தது. அதை எடுக்க ஃபாரம் 35ல் என் கையெழுத்தும் வேண்டும், கடன் கொடுத்தவர்கள் கையெழுத்தும் வேண்டும், கூடவே ஆட்சேபணை இல்லை என்று அவர்கள் தரும் என்.ஓ.சி. கடிதமும் வேண்டும். அந்த அலுவலகத்தில் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தார்கள், என் மனைவி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்து வாங்கிவந்தாள். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 எல்லாவற்றிலும் எங்கே கையெழுத்து போட வேண்டுமோ அங்கே பென்சிலில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, கவரில் வைத்து, யூனிட் பெயரும் பட்டாளத் தபால் முகவரியான 56 ஏ.பி.ஓ.வும் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பினாள். பட்டாளத்துக்காரன் மனைவி பாதி நேரம் வீட்டுக்கு ஆம்பளையும் அவள்தான் என்று ஊரில் சொல்வார்கள், அதற்கு மேலேயே செய்தாள்.

ஓ.டி.பி. விஷயம் தனி. ஆர்.சி.யோடு சேர்ந்திருந்தது என் நம்பர், நான் இருக்கிற இடத்தில் சிக்னல் எல்லா நேரமும் கிடைக்காது. ஊரில் பெயர் மாற்ற விண்ணப்பம் போடுகிறவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நேரமும் எனக்கு இங்கே டவர் கிடைக்கும் நேரமும் ஒத்துவர வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் நம்பர் செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து. விஷயத்தைக் கேட்ட எங்கள் சுபேதார் சாப் டியூட்டியை மாற்றிப் போட்டுக்கொடுத்தார். எனக்குப் பதிலாக அந்தக் குளிரில் போய் நின்றவர் கடல் பார்த்திராத, உத்தராகண்ட் மலைப்பக்கத்து கட்வாலி தோழர் ஒருவர். தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு, இருந்தாலும் அவருக்கான நன்றி இங்கேதான் பதிவாக வேண்டும். கவர் வந்ததும் உடனே கூப்பிட்டுச் சொன்ன ஹெட் கிளார்க்குக்கும் நன்றி.

அப்புறம் நம் ஒர்க்‌ஷாப் பாய். வண்டியை இழுத்துக்கொண்டு போனபோது பேட்டரி செத்திருந்தது, வயரை எலி கடித்திருந்தது, பிரேக் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் சுற்றவே இல்லை, இதெல்லாம் கூட சாதாரணம். கால்மிதிக்குக் கீழே தகரம் துருவேறி விரல் விட்டால் தரை தெரிகிற மாதிரி அரித்துப் போயிருந்ததாம். டிங்கர் அண்ணன் அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, அடியில் கோட்டிங்கும் கொடுத்திருக்கிறார். ஸ்லைடிங் கதவு பாதிக்கு மேல் நகரவில்லை. நோயாளி ஒற்றைக் கையால் தள்ளித் திறக்க வேண்டுமே என்று பாய் அந்தத் தண்டவாளத்தில் இருந்த மணலையும் உப்பையும் சுரண்டி ரோலரை மாற்றியிருக்கிறார். ஃபாரத்தில் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் நம்பரை எடுத்து ஒட்ட வேண்டும், துரு மூடி ஓர் எழுத்தும் தெரியவில்லை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததை வீடியோ காலில் காட்டினார்கள். கூலி எவ்வளவு பாய் என்று கேட்டால், "உங்க அத்தா எங்க மாமியையும் ஏத்திக்கிட்டு வந்தவர்தாம்ப்பா" என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. சாமான்களுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார், அதிலும் டயர் செலவை என் மச்சானும் அவன் கூட்டாளிகளும் ஏற்றுக்கொண்டார்கள்.

பட்டாளத்தில் இருக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் நாங்களும் இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள், தாராளமாகக் கொடுக்கலாம். ஹைப்போதிகேஷன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஆர்.சி.யில் உள்ள போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா பாருங்கள், வண்டியை வாங்கிக்கொள்கிறவர் பெயருக்கு இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காமல் இருந்ததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, சேர்ந்திருந்தால் அது உங்களுடையது, வண்டியோடு போகாது, அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். வருமான வரியில் நன்கொடைக்கான கழிவு (80ஜி என்று சொல்வார்கள்) பணமாகக் கொடுத்தால்தான் உண்டு, வண்டியாகக் கொடுத்தால் கிடையாது, அதை எதிர்பார்த்துக் கொடுக்காதீர்கள்.

வண்டி இப்போது பாம்பன் பாலம் தாண்டிப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளை போர்டு, அதாவது வாடகைக்கு ஓட்டக்கூடாத சொந்த வண்டி என்பதால் யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது, வாங்குவதும் இல்லை. பெட்ரோல் அறக்கட்டளை பொறுப்பு. ஓட்டுகிறவர்கள் சம்பளம் இல்லாமல் முறை வைத்து ஓட்டுகிற நம் பையன்கள், அதில் ஒருவர் கடலுக்குப் போகாத நாளில் வந்து ஓட்டுகிறார். தம்பிகளா, நான் லீவில் வரும்போது உங்களை வீட்டுக்கு அழைத்து சாப்பாடு போட வேண்டும், அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைக்கு மட்டும் ஆள் குறைகிறதாம். கார் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள், விடிகாலை எழ முடிகிறவர்கள், மெதுவாக ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் உச்சிப்புளியில் பாய் ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொல்லுங்கள், அவர் சேர்த்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரன்