பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகளில், படுத்த படுக்கையான ஆச்சியை மருமகள் ஒருவரே கவனிப்பது சாதாரணமாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண் வரும். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. இரவிலும் இதே வேலைதான். தூக்கம் கெட்டவருக்கு முதலில் எரிச்சல், அப்புறம் மறதி. கடைசியில் மாத்திரை மாறிப்போகிறது, பாவம்.

கட்டிலை அடுப்படிக்குப் பக்கத்தில் போட்டாலே பாதி நடை மிச்சம். மாத்திரை நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் வாரம் இரண்டு இரவுக்காவது ஆள் அமர்த்த வேண்டும். “ஏதாவது வேணுமா?” என்று கேட்கும் பங்காளிகளே, “செவ்வாய் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து” என்று சொல்லுங்கள்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். மனம் தாங்காதபோது அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி